கொடிக்கம்பி விட்ட கறை

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த வீட்டின் கொல்லையில், துணி காயப்போடும் கொடி இரும்புக் கம்பிதான். மழைக்காலத்தில் அதில் துரு ஏறிவிடும். அப்பாவின் வேட்டியை ஈரத்தோடு போட்டுவிட்டுத் தூறலைக் கவனிக்காமல் விட்டால், மடிப்பு விழுந்த இடத்தில் நேர்கோடாக ஒரு செம்பழுப்புக் கறை விழுந்திருக்கும். "கம்பியத் தொடச்சிட்டுப் போடுன்னு எத்தன தடவ சொல்றதுடி?" என்பாள் அம்மா. அப்புறம் எலுமிச்சம்பழத்தை அரிந்து, உப்பைத் தொட்டுக் கறைமேல் தேய்த்து, வெயிலில் விரிப்பாள். இரண்டு மூன்று தடவை செய்தால் கறை மங்கும். முழுக்கப் போகாது.

நாற்பது வயதுக்கு மேல் நான் ஆர்ட் ஜர்னல் செய்யத் தொடங்கினேன். தடித்த நோட்டுப் புத்தகம் ஒன்றில் வண்ணம், கையெழுத்து, துணித்துண்டு, பழைய காகிதம், நூல் என்று கையில் கிடைப்பதையெல்லாம் சேர்த்து, பக்கம் பக்கமாகச் செய்துகொண்டு போவது. என் ஊரைப் பற்றிய பக்கங்களுக்குப் பின்னணியாக ஒரு பழுப்பு தேவைப்பட்டது. கடையில் வாங்கிய எந்தப் பழுப்பு வண்ணமும் சரியாக அமையவில்லை. எல்லாம் காகிதத்தின் மேல் உட்கார்ந்திருந்தனவே தவிர, உள்ளே இறங்கவில்லை. அப்போதுதான் அந்த வேட்டிக் கறை ஞாபகம் வந்தது. சரி, அதையே வேண்டுமென்றே வரவழைத்தால் என்ன என்று தோன்றியது. அதன்பின் ஆறு வருடங்களாகத் துணியிலும் காகிதத்திலும் துருச்சாயம் ஏற்றி வருகிறேன். கற்றதில் பாதி, கெட்டுப்போன துண்டுகளிலிருந்து கற்றது.

முதல் தடவை ஒன்றுமே வரவில்லை. ஹார்டுவேர் கடையில் ஒரு பொட்டலம் ஆணி வாங்கி, வெள்ளைத் துணியில் சுற்றி, தண்ணீர் தெளித்து மூன்று நாள் வைத்தேன். துணி அப்படியே இருந்தது. திரும்பக் கடைக்குப் போய்க் கேட்டபோது, "அது ஜி.ஐ. ஆணிக்கா, துரு பிடிக்கக் கூடாதுன்னுதானே அதுக்கு மேல பூச்சு போடுறாங்க" என்றார் கடைக்காரர். துத்தநாகப் பூச்சு இரும்புக்கு முன்னால் தானே அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும். எவர்சில்வரும் இதற்கு ஆகாது. அதில் இருக்கிற குரோமியம் துருவைத் தடுத்துவிடும். ஒரு சின்னச் சோதனை போதும்: பொருளை உப்புத்தண்ணீரில் நனைத்து ஓர் இரவு வெளியே வையுங்கள். காலையில் ஆரஞ்சுப் புள்ளி தெரிந்தால் அது நமக்கு ஆகும்.

அப்புறம் காயலான் கடைகள்தான். சென்னையில் புதுப்பேட்டைத் தெருக்களில் பழைய வண்டி உதிரிபாகங்கள் மலையாகக் கிடக்கும். அங்கே போய்த் துருப்பிடித்ததாகப் பார்த்துப் பொறுக்கினால், "நல்லதாவே தரேன்க்கா, இத எதுக்கு எடுக்குறீங்க?" என்று கேட்பார்கள். சைக்கிள் ஃப்ரீவீல், செயின் துண்டு, வாஷர், கதவுக் கீல், நாதாங்கி, உடைந்த ரம்பம், பழைய பூட்டின் முகத்தகடு எல்லாம் இப்போது என்னிடம் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. தட்டையான பொருள்தான் தெளிவான அச்சுத் தரும். உருண்டையானது ஒரே ஒரு கோட்டில்தான் துணியைத் தொடும் என்பதால், அதைச் சுற்றித் துணியை நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். பெயிண்ட் அடித்த பழைய இரும்பை எடுப்பதில்லை. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். அதைச் சுரண்டுகிற தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது.

பலருக்கும் வருகிற ஒரு தவறான எண்ணம் எனக்கும் இருந்தது. துரு எவ்வளவு தடிமனாக இருக்கிறதோ அவ்வளவு நிறம் வரும் என்று நினைத்திருந்தேன். செதில் செதிலாக உதிர்கிற பழைய துரு, துணிமேல் வெறும் பொடியாகத்தான் உட்காரும், அலசினால் போய்விடும். நிறம் தருவது புதிதாக உண்டாகிற துரு. வினிகர் இரும்பைக் கொஞ்சம் கரைக்கிறது, கரைந்த இரும்பு ஈரத்தோடு நூலிழைக்குள் போகிறது, அங்கே காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டுத் துருவாக மாறி உள்ளேயே தங்கிவிடுகிறது. அதனால்தான் அது அலசினாலும் போவதில்லை, வெயிலில் வெளுப்பதும் இல்லை. கோலத்துக்கு ஓரம் கட்டுகிற காவியும் இதே இரும்பு ஆக்சைடு குடும்பம்தான். இதைப் புரிந்துகொண்ட பிறகு, உதிர்கிற செதிலை முதலில் மாடியில் வைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு, பிரஷ்ஷால் தட்டிவிடுகிறேன். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். அச்சு பளிச்சென்று விழுகிறது.

துணியில் பருத்தி, பட்டு, லினன் மூன்றும் நன்றாக ஏற்கும். பாலியஸ்டர் கலந்த வேட்டித்துணி ஏமாற்றிவிடும். புதுத்துணியில் கஞ்சி இருக்கும். அதைச் சலவை சோடா போட்ட வெந்நீரில் ஊறவைத்து அலசாவிட்டால் நிறம் திட்டுத்திட்டாக நிற்கும். எனக்குப் பிடித்தது பல வருடம் துவைத்துத் துவைத்து மென்மையான பழைய வேட்டி. காடாத் துணியும் நல்லது, அதன் சொந்த மஞ்சள் துருவோடு ஒட்டிப் போகும். பட்டு மிக வேகமாக ஏற்கும். பருத்தியில் பழுப்பாக வருவது பட்டில் ஆரஞ்சாக மின்னும்.

செய்முறை இவ்வளவுதான். வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து துணியை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிகிறேன். பிளாஸ்டிக் தட்டில் விரித்து, மேலே இரும்புப் பொருள்களை அடுக்கி, துணியின் மறுபாதியை அதன்மேல் மடித்துப் போட்டு, ஒரு செங்கல் வைக்கிறேன். இரும்பும் துணியும் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். இடைவெளி இருக்கிற இடத்தில் வெள்ளைதான் மிஞ்சும். கொஞ்சம் உப்புத் தூவினால் வேலை வேகமாக நடக்கும், உப்புப் பரல் விழுந்த இடங்களில் நட்சத்திரம் மாதிரி சிதறலும் கிடைக்கும். கடைசியாக ஒரு பாலிதீன் தாளை மேலே தளர்வாகப் போடுகிறேன்.

அந்தத் 'தளர்வாக' என்பதுதான் எனக்குப் புரிய நீண்ட நாளானது. ஈரம் காய்ந்தால் துருவும் நின்றுவிடும் என்று பயந்து, முதல் வருடம் எல்லாவற்றையும் காற்றுப் புகாமல் பையில் கட்டி வைத்தேன். பிரித்தால் பச்சையும் சாம்பலுமாக ஒரு மங்கல் நிறம். கெட்டுவிட்டது என்று நினைத்து வாளியின் விளிம்பில் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது, என் கண்ணெதிரே அது ஆரஞ்சாக மாறிக்கொண்டிருந்தது! இரும்பு உள்ளே இறங்கித்தான் இருந்தது, ஆக்சிஜனுக்காகத்தான் காத்திருந்தது. இப்போது சில மணி நேரத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து காற்றாட விட்டு, காய்ந்த இடத்தில் மட்டும் தெளிக்கிறேன்.

எவ்வளவு நேரம் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில் இல்லை. திருவான்மியூரில் கடற்காற்று படுகிற என் பால்கனியில், மே மாதம் காலையில் வைத்தால் சாயங்காலம் எடுத்துவிடலாம். கார்த்திகை மழையில் ஒரு நாள் முழுக்க ஆகும். இரண்டு நாளைத் தாண்ட விடுவதில்லை. அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இரும்போடு டீ சேர்ந்தால் கதையே மாறும். வெறும் தண்ணீரில் கெட்டியாகக் கொதிக்கவைத்த டீத்தூள் வடிநீரில் துணியை முதலில் ஊறவைத்துக் காயவிட்டு, பிறகு இரும்பை வைத்தால், ஆரஞ்சுக்குப் பக்கத்தில் நீலம் கலந்த கறுப்பு வரும். டீயில் உள்ள டானின், அதாவது துவர்ப்பு, இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். கடுக்காயில் இந்தத் துவர்ப்பு இன்னும் அதிகம். நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, கொட்டையை எடுத்துவிட்டுத் தோலை இடித்து இரவு முழுக்க ஊறவைத்தால், துணி லேசான மஞ்சளாகும். அதில் இரும்பு பட்ட இடமெல்லாம் கரியாகக் கோடு விழும். ரொம்பக் கெட்டியாக ஊறவைத்தால் மொத்தத் துணியும் சாம்பலாகி, அச்சு எதுவும் தெரியாமல் போகும். ஒரு நல்ல பட்டுத்துண்டை இப்படி இழந்தேன். அரை லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டிப் பொடி எனக்குச் சரியாக இருக்கிறது.

இதில் நமக்குப் புதிதாக ஒன்றுமில்லை என்பது கருப்பூர் கலம்காரி பார்க்கப் போனபோது புரிந்தது. நான் பிறந்த பக்கத்து ஊர்தான், ஆனாலும் சிறுவயதில் போனதில்லை. கோயில் விதானங்களுக்கும், உருளையாகத் தொங்கவிடுகிற தொம்பைகளுக்கும் துணியில் எழுதுகிற அந்தக் கலைக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஸ்ரீகாளஹஸ்தியிலும் கலம்காரிக்கான கறுப்பைப் பழைய இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு வாரக்கணக்கில் புளிக்க வைத்துத்தான் எடுப்பார்கள். துணியை முதலில் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறவைப்பார்கள். கடுக்காய் கறுப்பு வருவதற்கு. பாலின் கொழுப்பு கோடு பரவாமல் தடுப்பதற்கு. வினிகரும் செங்கலுமாக நான் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்ததை, அவர்கள் வரி பிசகாமல் கோடு இழுக்கிற அளவுக்கு எப்போதோ கொண்டுபோயிருக்கிறார்கள். அன்றிலிருந்து தெளிவான கோடு வேண்டும் என்கிறபோது நானும் கடுக்காய் நீரில் கொஞ்சம் பால் சேர்க்கிறேன்.

கோடு இழுக்க இரும்புத் தண்ணீர் தேவை. கண்ணாடிப் பாட்டிலில் ஒரு கைப்பிடி ஸ்டீல் உல்லை, அதாவது மெல்லிய இரும்பு இழைகளைப் போட்டு, மூழ்கும் அளவு வினிகர் ஊற்றி ஒரு வாரம் வைக்க வேண்டும். பாத்திரம் தேய்க்கிற சுருள் நார் பெரும்பாலும் எவர்சில்வர்தான், அது உதவாது. தச்சர்கள் மெருகு போட வாங்குகிற ஸ்டீல் உல் வேண்டும், அதையும் சோப்பால் கழுவி எண்ணெய் எடுக்க வேண்டும். மூடியை இறுக்கவே கூடாது. இரும்பும் அமிலமும் சேரும்போது ஹைட்ரஜன் வாயு வரும். நான் இறுக்கி மூடிவைத்த பாட்டிலின் மூடி ஒருநாள் மதியம் பட்டென்று எகிறி, சுவரெல்லாம் கறை. நல்லவேளை, அறையில் யாரும் இல்லை. இப்போது வாயில் துணி கட்டி, அடுப்புக்கு எட்டாத தூரத்தில், காற்றோட்டமான இடத்தில் வைக்கிறேன்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கையுறை போடாமல் துருப்பிடித்த ரம்பத்தைத் தொடாதீர்கள், வெட்டுப்பட்டால் டெட்டனஸ் தடுப்பூசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று பார்த்து மருத்துவரிடம் போங்கள். இதற்கு எடுத்த பாத்திரம் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. வெளுப்பதற்கு விற்கிற பிளீச்சிங் திரவத்தை வினிகரோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது, குளோரின் வாயு வரும். மொசைக், மார்பிள் தரையில் வினிகர் சிந்தினால் தரை அரிக்கும், துருவும் ஏறும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் தட்டுக்கு அடியில் இன்னொரு தட்டு வைத்துக்கொள்வது நல்லது.

காகிதம் துணியைவிடப் பொறுமை கேட்கும். சாதாரண ஏ4 தாள் நனைந்தால் கிழியும். தவிர, அதில் பெரும்பாலும் சுண்ணாம்பு நிரப்பியிருக்கும். அது வினிகரின் புளிப்பைத் தின்றுவிடுவதால் நிறமும் சோர்ந்தே வரும். 300 ஜி.எஸ்.எம். தடிமனுள்ள பருத்தி வாட்டர்கலர் தாள் எனக்கு இதுவரை ஒருமுறைகூடக் கிழியவில்லை. பயன்படுத்திய டீ பேக்கின் தாளைப் பிரித்துக் காயவைத்து இரும்புக்கு அடியில் வைத்தால், மெல்லிய தோல் மாதிரி ஒன்று கிடைக்கும். அதைப் பக்கத்தில் ஒட்டினால் கீழே இருக்கிற எழுத்து மங்கலாகத் தெரியும். நான் அதிகம் பயன்படுத்துவது அதைத்தான். காகிதத்தை மூழ்கவைக்காமல் தெளிப்பானால் நனைத்து, தாள்களையும் வாஷர்களையும் மாற்றி மாற்றி அடுக்கி, மேலே பாரம் வைக்கிறேன். ஈரத்தில் காகிதத்தைத் தூக்கிப் பார்க்கிற ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். ஓரத்தை மட்டும் மெல்ல விலக்கிப் பார்க்கலாம்.

இப்போது நான் மிகவும் வருந்துகிற விஷயத்துக்கு வருகிறேன். முதல் ஜர்னலில் பாட்டியைப் பற்றிய பக்கங்களைத் துருத்துணியிலேயே செய்திருந்தேன். நிறம் ஆழமாக வர வேண்டும் என்று நான்கு நாள் ஊறவைத்து, வெறும் தண்ணீரில் ஒருமுறை அலசி, காயவைத்து ஒட்டிவிட்டேன். மூன்று வருடம் கழித்துத் திறந்தபோது, பூட்டின் வட்டம் இருந்த இடத்தில் துணி வட்டமாகவே விட்டுப்போயிருந்தது. விரல் பட்டதும் உதிர்ந்தது. எதிர்ப்பக்கத்தில் ஒட்டியிருந்த பாட்டியின் ஒரே இளவயதுப் புகைப்படத்தில் பழுப்புப் புள்ளிகள். அந்தப் படத்துக்கு வேறு பிரதி இல்லை.

காரணம் பிறகுதான் தெரிந்தது. பருத்தியும் காகிதமும் செல்லுலோஸ் என்கிற தாவர நார்ப்பொருள். மிஞ்சிய அமிலம் அதைத் துண்டு துண்டாக வெட்டும்; கரையும் நிலையில் மிஞ்சிய இரும்பு, காற்றோடு சேர்ந்து அதை இன்னும் வேகமாகச் சிதைக்கும். துவர்ப்புள்ள மாசிக்காயும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பும் சேர்த்துச் செய்த பழைய மை காகிதத்தை அரிப்பதும் இப்படித்தான். 1750-இல் இறந்த இசைமேதை பாக் கைப்பட எழுதிய இசைக்குறிப்புகள், பெர்லின் அரசு நூலகத்தில், மை பட்ட இடமெல்லாம் இற்றுப்போனதால் அந்தத் தாள்களைப் பிளந்து நடுவே மெல்லிய தாள் வைத்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது. துருவை வரவழைப்பது சுலபம். சரியான நேரத்தில் அதை நிறுத்துவதற்குத்தான் இப்போது என் உழைப்பெல்லாம் போகிறது.

நிறம் நான் விரும்புவதற்குச் சற்று முன்பாகவே இரும்பை எடுத்துவிடுகிறேன். காயும்போது இன்னும் கொஞ்சம் ஏறும். காற்றில் அரை நாள் விட்டு நிறம் முழுக்க மாறியதும், ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி ஆப்பசோடா கரைத்து, துணியை அரை மணி நேரம் ஊறவைக்கிறேன். உப்புத்தண்ணீரில் ஊறவைத்தால் துரு நிற்கும் என்று சிலர் சொல்வார்கள். நான் அதைச் செய்வதில்லை. துருவை வேகப்படுத்தத்தானே முதலில் உப்பைத் தூவினோம்? சோடாவுக்குப் பிறகு மென்மையான சோப்பில் கசக்கி, தண்ணீர் தெளிவாக வரும்வரை நான்கைந்து முறை அலசி, நிழலில் காயப்போடுகிறேன். காகிதமானால் சோடாத் தண்ணீரைத் தெளித்து, ஈரம் உறிஞ்சுகிற பிளாட்டிங் தாளால் ஒற்றி, பிறகு வெறும் தண்ணீரைத் தெளித்து மறுபடி ஒற்றி, இரண்டு பலகைக்கு நடுவே பாரம் வைத்துக் காயவிடுகிறேன். இவ்வளவு செய்தும் அது என்றைக்கும் நிற்கும் என்று சொல்ல மாட்டேன். ஆயுளை நீட்டலாம், அவ்வளவுதான். விற்பதற்கோ பரிசு தருவதற்கோ செய்தால் இதை வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஜர்னலில் வைக்கும்போது சில பழக்கங்கள் வந்துவிட்டன. துருப் பக்கத்துக்கும் எதிர்ப்பக்கத்துக்கும் நடுவே ஒரு பட்டர் பேப்பர். மூலப் புகைப்படத்தை இனி ஒட்டுவதே இல்லை, பிரதி எடுத்துத்தான். துருத்துணிமேல் தண்ணீர் கலந்த வெள்ளை ஜெஸ்ஸோவை (வண்ணத்துக்கு அடியில் பூசுகிற அடிப்பூச்சு) நேரடியாகப் பூசினால் பழுப்பு மேலே கசியும். முதலில் மேட் அக்ரிலிக் மீடியம் என்கிற நிறமில்லாத, பளபளக்காத பூச்சை ஒரு கோட் பூசிக் காயவிட வேண்டும். தையல் மெஷினில் இந்தத் துணியைத் தைக்க மாட்டேன், ஊசி சீக்கிரம் மழுங்கும். கையால் ஓட்டுத் தையல் போட்டால் துருக்கோட்டின் பக்கத்திலேயே நூலும் ஓடி, துணிக்குக் கொஞ்சம் வலுவும் சேர்க்கும்.

போன தையில் அம்மா என் வீட்டுக்கு வந்திருந்தாள். மேசைமேல் ஒரு முழம் துருத்துணி அலசிக் காய்ந்து கிடந்தது. கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். "இதுக்கா அத்தன எலுமிச்சம்பழத்த வீணடிச்சேன்?" என்று கேட்டுவிட்டு, "வீட்டுல பழம் இருக்கா?" என்றாள்.

சாற்றில் உப்பைக் கரைத்து, தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி, அந்தத் துணிமேல் ஒன்பது புள்ளி வைத்து, சுற்றி ஒரு சிக்குக் கோலம் இழுத்தாள். கோடு ஒன்றும் தெரியவில்லை. வெயிலில் விரித்து, அரை மணிக்கு ஒருமுறை அதே கோட்டின் மேலேயே திரும்பப் போட்டாள். நான்காவது தடவைக்குப் பழுப்பு கரைந்து, வைக்கோல் நிறத்தில் கோலம் எழும்பி வந்தது. எலுமிச்சையும் அமிலம்தான் என்பதால், உடனே சோடாத் தண்ணீரில் ஊறவைத்து இரண்டு மடங்கு அலசினேன். நான் பக்கத்துக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தபோது, அதில் பாதியை வெட்டித் தரச் சொன்னாள். ஊருக்குக் கொண்டுபோய் அப்பாவின் படத்துக்குக் கீழே விரிக்க வேண்டுமாம்.